ரொட்டிக்குள் வைத்த பிளேட்

"தலையைத் தூக்கிப் பிடி! கீழ விடாத, விடாத!"

எர்காஷ் டாக்டரின் கத்தல் மண்சுவரைத் தாண்டி வந்தபோது நான் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக் கதவில் சாவியை நுழைத்திருந்தேன். எர்காஷ் மாட்டு டாக்டர். அவர் கத்துகிறார் என்றால் ஒரு மாடு சாகப் போகிறது என்று அர்த்தம். சாவியை அப்படியே விட்டுவிட்டு, பல் ஆஸ்பத்திரி வெள்ளை அங்கியோடு ஓடினேன்.

அடுத்த வீடு ஹோசியத் அக்காவுடையது. முற்றத்தின் நடுவில் கஷ்கா நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் வெள்ளைப் பட்டை விழுந்த சிவப்புப் பசு. ஐந்து மாதச் சினை. அவள் வாய்க்குக் குறுக்கே மல்பெரிக் கட்டை ஒன்றைக் கொடுத்து, அதன் பக்கவாட்டில் ரப்பர் குழாயைத் தொண்டைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார் டாக்டர். கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஹோசியத் அக்கா. முழங்கை வரை மாவு. ஊருக்குள் விற்கிற ரொட்டிக்குப் பிசைந்த கையோடு ஓடி வந்திருக்கிறாள்.

எங்கள் கோகந்த் ஊர்க் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை நிற்காது. அன்று புழுதியைச் சுழற்றிச் சுழற்றி மாட்டின் கண்ணிலேயே அடித்தது.

குழாய் உள்ளே போனது. 'புஸ்' என்று கொஞ்சம் வாயு வந்தது. அவ்வளவுதான். டாக்டர் குழாயை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இவ்வளவுதானா?" என்றான் அக்மல்.

அக்மல், ஹோசியத் அக்காவின் கொழுந்தன். அண்ணன் சோபிர் வெளிநாட்டுக்கு, கசான் பக்கம் கட்டட வேலைக்குப் போனதிலிருந்து இந்த வீட்டுக்கு ஆம்பளைத் துணை இவன்தான். படிக்கட்டில் உட்கார்ந்து கத்தியைத் தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர், நீங்க பாக்குறதைப் பாருங்க. நான் அவசரப்படுத்தல. ஆனா மூச்சு நின்னுட்டா ஹராம். நாய்க்குத்தான் போடணும். மூச்சு இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லிட்டா கறியாவது மிஞ்சும்."

"கத்தியை உள்ள வை, அக்மல்," என்றாள் ஹோசியத் அக்கா.

"ஏன் அண்ணி? கத்தியைப் பாத்தா மாடு பயப்படுமா?"

"மாடு பயப்படல. நான் பயப்படுறேன்."

டாக்டர் இருவரையும் சட்டை செய்யவில்லை. கஷ்காவின் முதுகில் திமில் பக்கத்துத் தோலைக் கை நிறையக் கிள்ளிப் பிடித்து அழுத்தினார். நல்ல மாடு என்றால் முதுகைக் கீழே வளைத்துக் கொடுக்கும். கஷ்கா வளைக்கவில்லை. விறைத்து நின்று, நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு முனகல் விட்டாள்.

டாக்டர் மறுபடி அழுத்தினார். மறுபடி அதே முனகல்.

"எப்ப இருந்து தீனி எடுக்கல?"

"நேத்து வெள்ளிக்கிழமை காலையில இருந்து," என்றாள் ஹோசியத் அக்கா. "பால் வத்திப்போச்சு. நேத்து ஒரு செம்பு. இன்னிக்கு அதுவும் இல்ல."

"ஈரக் குதிரைமசால் தழை தின்னாளா?"

"தின்னா. வரப்போரமா கொஞ்சம்."

"இரும்பு ஏதாவது தின்னிருப்பாளா? ஆணி, கம்பி, ஊசி?"



"தெரியலையே," என்றாள் ஹோசியத் அக்கா. கொம்பிலிருந்து ஒரு கையை எடுத்து, மேலே போட்டிருந்த கையில்லாத பருத்திச் சட்டையின் பையைத் தொட்டுவிட்டு, திரும்பவும் கொம்பைப் பிடித்தாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பு மேடையில் உட்கார்ந்தார். அறுபது வயது மனுஷர். கொல்கோஸ் என்ற அரசுக் கூட்டுப்பண்ணைக் காலத்திலிருந்து இந்த ஊர் மாடுகளின் வயிற்றுக்குள் கை விட்டவர்.

"கேளு ஹோசியத். ரெண்டு வழி. பச்சைத் தீனியால வாயு கட்டியிருந்தா, எண்ணெய் ஊத்தி, மேட்டுல ஏத்தி எறக்கி நடத்தணும். வாயு போயிடும். மாடு பொழைச்சிடும். ஆனா உள்ள இரும்பு இருந்தா நடத்தவே கூடாது. இரும்பு போய் உக்கார்ற வயிறு தேன்கூடு மாதிரி இருக்கும். அதுக்கும் இதயத்துக்கும் நடுவுல நாலு விரல்தான் இடைவெளி. நடந்தா, ஒவ்வொரு அடிக்கும் அது முன்னால போகும்."

"அப்ப வெட்டி எடுத்துடுங்களேன்," என்றான் அக்மல்.

"ஆட்டுக்குடல் கழுவுறதுன்னு நெனச்சியா? சினை மாடுடா. வெளியில இந்தக் காத்து. காரணம் இல்லாம வயித்தைத் திறந்தா நானே கொன்ன மாதிரி. இரும்பு இருக்குன்னு யாராவது சத்தியமா சொன்னா திறக்கிறேன். இல்லேன்னா எண்ணெயைக் கொண்டா. நடத்துவோம்."

அக்மல் பருத்திக்கொட்டை எண்ணெய் எடுத்துவர எழுந்தான். ஹோசியத் அக்கா அசையவில்லை. அவள் பார்வை மட்டும் முற்றத்தைத் தாண்டி, பட்டுப்புழு வளர்க்கும் அறை வாசலுக்குப் போனது.

அந்த வாசலில் துர்தோனா நின்றிருந்தாள். ஹோசியத் அக்காவின் ஒரே மகள். பதினாலு வயது. உள்ளங்கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். எனக்குள் ஏதோ ஒன்று 'க்ளிக்' என்றது.

* * *

துர்தோனாவின் வாய் எனக்கு என் சமையலறை மாதிரி. எந்தச் சாமான் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

கோகந்த் பல் ஆஸ்பத்திரியில் பதினொரு வருஷமாக டாக்டருக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பிள்ளையை அழைத்துப் போனதும் நான்தான். மேல் பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. ஹோசியத் அக்காவுக்கு முன்னால் நாலு தங்கப் பல். அவள் கல்யாணமான காலத்தில் அதுதான் அழகு. "எனக்குக் கெடச்ச மாதிரி நாலு தங்கத்தை மாட்டிட்டா போச்சு," என்றுதான் முதலில் சொன்னாள். மகள் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகுதான் கிளிப் போட்டோம்.

ரெண்டு வருஷம் பல்லில் ஒட்டிய கம்பி. ஊரே குர்த் உருண்டையைக் கடிக்கும்போது இவள் மட்டும் அதை வெந்நீரில் கரைத்துக் குடித்தாள். தயிரை வடிகட்டி, உப்புப் போட்டு உருட்டி, வெயிலில் கல்லாகக் காயவைத்த உருண்டை அது. ஒரு தடவை ஆசை தாங்காமல் கடித்து ரெண்டு கிளிப்பைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை ஆப்ரிகாட் கொட்டை. சூரியகாந்தி விதை கொறிக்காத பிள்ளை இந்தப் பள்ளத்தாக்கில் உண்டா? இவள் கொறிக்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் கம்பியைக் கழற்றினோம். கழற்றிவிட்டால் முடிந்ததா? பல்லும் மாடு மாதிரிதான். அவிழ்த்துவிட்டால் பழைய கொட்டகைக்கே போய் நிற்கும். அதனால் பிளேட். அண்ணத்தில் ஒட்டி உட்காரும் ரோஸ் நிறத் தகடு, முன்பல்லைச் சுற்றி ஒரு கம்பி வளைவு, ரெண்டு கொக்கி. சாப்பிடும்போது மட்டும் கழற்ற வேண்டும். கழற்றினால் நீல டப்பாவில். கழுவினால் பச்சைத் தண்ணீரில், மெல்லிய பிரஷ்ஷால். ராத்திரியும் வாயில்தான்.

இந்த விதிகளையெல்லாம் நான் பிள்ளையிடம் சொன்னேன். தாயிடம் தனியாகச் சொல்லவில்லை. அது என் தப்பு. பின்னால் தெரிந்தது.

முதல் பிளேட் சித்தி மகள் கல்யாணத்தில் போனது. காகிதத் துணியில் சுருட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரோ தட்டோடு வழித்துக் குப்பையில் போட்டார்கள். அன்றைக்கு ஹோசியத் அக்கா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "ரெண்டாவது வாங்கித் தரேன். அதையும் தொலைச்சா மூணாவது கேக்காத. பல்லு இஷ்டப்பட்ட பக்கம் போகட்டும்."

இப்போது இருப்பது அந்த ரெண்டாவது.

* * *

பட்டுப்புழு அறைக்குள் போனேன். ஜன்னல் கண்ணாடியை மூடி, அடுப்பு எரித்து, வெக்கையாக வைத்திருந்தார்கள். தட்டித் தட்டியாக ஆயிரக்கணக்கான புழுக்கள் மல்பெரி இலையை மென்றுகொண்டிருந்தன. துர்தோனா இலைக்கட்டுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாயத் தொற."

"ஒண்ணுமில்ல லோலா அக்கா."

"தொறடி. என்கிட்டயே மறைப்பியா?"

திறந்தாள். பிளேட் இல்லை. மேல்பல் ரெண்டும் லேசாக, என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு, நெருங்க ஆரம்பித்திருந்தன.

"எத்தனை நாளாச்சு?"

"புதன்கிழமையில இருந்து."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"ஸ்கூல்ல வச்சுட்டு வந்துட்டேன்னு சொன்னேன். வியாழக்கிழமை கேட்டாங்க, வெள்ளிக்கிழமை கேட்டாங்க. ஒவ்வொரு தடவையும் 'நெஜமா ஸ்கூல்லதானா'ன்னு கேட்டு என் கண்ணையே பாத்தாங்க. நான் ஆமான்னுட்டேன்."

"நெஜமா எங்க?"

அவள் உதடு கோணியது.

"புதன்கிழமை புழுவுக்கு இலை வெட்ட அத்தைங்கல்லாம் வந்தாங்கல்ல. மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காந்தோம். டப்பா உள்ள இருந்துச்சு. அவங்க முன்னாடி வாயில இருந்து எடுத்தா, 'கெழவிக்குப் பல்செட்டு'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அதனால யாருக்கும் தெரியாம எடுத்து..."

"எடுத்து?"

"ரொட்டித் துண்டை மடிச்சு அதுக்குள்ள வச்சேன்."

"ரொட்டிக்குள்ளயா! ஏண்டி?"

"காகிதத்துல வச்சாத்தானே குப்பையில போடுறாங்க? ரொட்டியை யாரும் குப்பையில போட மாட்டாங்கல்ல, அக்கா?"

அவள் கணக்கு சரிதான். எங்கள் ஊரில் தரையில் கிடக்கும் ரொட்டித் துணுக்கைக்கூட எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைப்போம். குப்பைக்கு ஒரு நாளும் போகாது. போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். மிஞ்சிய துண்டுகளை வாளியில் ஊறப்போட்டு, தவிடு கலந்து, மாட்டுக்கு வைப்பார்கள்.

"கை கழுவிட்டு வந்து பாத்தேன். விரிப்பைச் சுருட்டிட்டாங்க. அம்மா வாளியைத் தூக்கிட்டுக் கொட்டகைக்குப் போயிட்டாங்க." அவள் என் அங்கியைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அதுல கம்பி இருக்கு. கொக்கி இருக்கு. கஷ்கா செத்துருவாளா?"

வெளியே டாக்டரின் குரல்: "ம், நடத்து! மேட்டுப் பக்கமா திருப்பு!"

துர்தோனா என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

* * *

"நடத்தாதீங்க! சித்தப்பா, நடத்தாதீங்க!"

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த அக்மல் நின்றான். பிள்ளை மாட்டுக்கு முன்னால் போய்க் கை ரெண்டையும் விரித்து மறித்தாள். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ரொட்டி, பிளேட், வாளி, பொய். ஒன்றையும் விடவில்லை.

"அடிப்பாவி," என்றான் அக்மல். "உன் அழகுக்கு ஒரு மாடா? தங்கப் பல்லு மாட்டிருந்தா இந்த வம்பே இல்ல. பல்லு எடுப்பா இருந்தா மாப்பிள்ளை ஒருத்தன் கொறைவான். இப்ப சினை மாடு போகுது."

"விடு தம்பி," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க லோலா. இந்தக் கம்பி வேலையெல்லாம் ஊருக்குள்ள கொண்டாந்ததே நீங்கதான்."

எனக்கு முகம் சுட்டது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்டர் கையைத் தூக்கினார்.

"பிளேட்டுல கம்பி எவ்வளவு கனம்?"

"குண்டூசியைவிடக் கொஞ்சம் தடிமன்," என்றேன். "வளைவா இருக்கும். கொக்கி முனை கூர்மை."

டாக்டர் பிள்ளையைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். கடைசியாக ஹோசியத் அக்காவைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்ற? மாடு உன்னுது."

நான் எதிர்பார்த்தது ஓர் அறை. மகள் கன்னத்தில் விழும் என்று நினைத்தேன். ஹோசியத் அக்கா மகளை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. சட்டைப் பையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, மகளையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். தங்கப் பல் வெயிலில் மின்னியது. மூடிக்கொண்டாள். பிறகு அவசரமாக, ரொம்ப அவசரமாக, சொன்னாள்:

"இரும்பு உள்ளதான் இருக்கு. வெட்டுங்க டாக்டர்."

* * *

வீட்டில் இருந்த மெத்தைகள் அத்தனையும் வெளியே வந்தன. காற்று வருகிற பக்கம் கயிறு கட்டி அவற்றைத் தொங்கவிட்டோம். போதவில்லை. ஒரு மெத்தையை ஹோசியத் அக்காவும் துர்தோனாவும் ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். மாட்டின் முன்னங்கால்களை ரொட்டி சுடும் மேடைப் பக்கம் மேட்டில் ஏற்றி நிறுத்தினோம். தலையை மல்பெரி மரத்தோடு சேர்த்துக் கட்டினான் அக்மல். கத்தியைத் தந்தூர் அடுப்பு மேல் வைத்தான். எட்டுகிற தூரத்தில்.

நான் கொதிநீரில் கை கழுவி, டாக்டருக்கு எதிரில் நின்றேன். பல்லுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்த கை. இதற்கும் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இடது விலாவுக்குப் பின்னால் முடியை மழித்தார். மரத்துப்போகும் ஊசியை வரிசையாகக் குத்தினார். அயோடின். பிறகு கத்தி. தோல் பிளந்தது. அதன் கீழே தசை. அதன் கீழே, நீலம் பாரித்த ஒரு பெரிய பை மேலே பொங்கி வந்தது. அதைத் தோலோடு நாலு பக்கமும் தைத்து நிறுத்திவிட்டு, பையில் ஒரு கீறல் போட்டார். புளித்த புல் வாடை அடித்து அக்மல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கறி கறின்ன? இப்ப பாரு, கறி எப்படி இருக்குன்னு," என்றார் டாக்டர்.

"நான் வெந்த பிறகு பாத்துக்கறேன்."

டாக்டர் தோள் வரை கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைத் தேடும்போது இப்படித்தான் மூடுவார். விரலுக்குக் கண் வர வேண்டுமென்றால் முகத்தில் இருக்கிற கண் மூடணும்.

"தேன்கூடு வந்துடுச்சு... குழி குழியா இருக்கு... கல்லு... இதுவும் கல்லு..."

கஷ்காவின் தோல் சிலிர்த்தது. பின்னங்கால் ஒன்று மடங்கி நிமிர்ந்தது.

"சீக்கிரம் டாக்டர்," என்றான் அக்மல். முதல் தடவையாக அவன் குரலில் நக்கல் இல்லை.

"இரு... இரு... முன் சுவத்துல... ஆ!"

டாக்டர் முகம் மாறியது. கை மெதுவாக, அங்குலம் அங்குலமாக, வெளியே வந்தது. பச்சைக் கூழ் வழியும் விரல்களுக்கு நடுவே ஏதோ இருந்தது. நான் பஞ்சால் துடைத்தேன்.

ஆணி.

நேரான, விரல்நீள இரும்பு ஆணி. தலை இல்லாதது. ஒரு முனை பென்சில் சீவிய மாதிரி கூர்மை.

"இது என்ன ஆணி?" என்றான் அக்மல்.

"எது வேணா இருக்கும். பொட்டிகிட்டிலேர்ந்து விழுந்திருக்கும்," என்றார் டாக்டர். "பாதி சுவத்துக்குள்ள ஏறிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இதயம்தான்."

"அல்ஹம்துலில்லா," என்று ஒரு குரல். ஹோசியத் அக்கா. மெத்தை முனையைத் தாழவிட்டு மாட்டின் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. மாடு இன்னும் திறந்த வயிற்றோடு நிற்கிறது. இந்த அழுகை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

"எங்கடி போற? மெத்தையைப் புடி," என்றார் டாக்டர். "வேலை முடியல. ஆணி ஊருக்கு வந்த விருந்தாளி. வீட்டுக்காரன் இன்னும் உள்ள இருக்கான். பிளேட்டை எடுக்காம தைக்க முடியாது. விட்டா நாளைக்கு அது குத்தும்."

மறுபடி கையை விட்டார்.

அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். காற்று மெத்தைகளைப் படபடவென்று அடித்தது. மரத்துப்போகும் மருந்து கலைய ஆரம்பித்திருக்க வேண்டும். கஷ்காவின் உடம்பு முழுக்க நடுக்கம். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது.

"இல்லையே... வளைவா ஒண்ணும் தட்டுப்படலையே... பெரிய வயித்துல பாக்குறேன்..."

கஷ்காவின் முன்னங்கால் முட்டி மடங்கியது. அக்மல் தோளைக் கொடுத்து முட்டுக் கொடுத்தான். "டாக்டர், விழப்போறா! திறந்த வயித்தோட விழுந்தா அவ்வளவுதான்!"

"தெரியுது! பிளேட் கெடைக்கணுமில்ல!"

"கெடைக்காது! சாகப் போறா! அண்ணி, கத்தியை எடுங்க! அண்ணி! மூச்சு இருக்கும்போதே..."

"அம்மா!" துர்தோனா அலறினாள். "வேணாம்மா! கத்தி வேணாம்!"

ஹோசியத் அக்கா மெத்தையைக் கீழே போட்டாள். புழுதி ஒரு அலையாக உள்ளே வந்தது. நேராக அடுப்புப் பக்கம் நடந்தாள். கத்தியைத் தாண்டிப் போனாள். டாக்டர் பக்கத்தில் வந்து நின்று, சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்றை எடுத்தாள். மாவு காய்ந்த விரலால் அவிழ்த்தாள்.

"கையை எடுங்க டாக்டர். தைங்க. அது உள்ள இல்ல."

கைக்குட்டையில் ரோஸ் நிறமாக ஒன்று இருந்தது. உலர்ந்த ஆப்ரிகாட் தோல் மாதிரி சுருண்டு, முறுக்கிக்கொண்டு. கம்பி மட்டும் பழைய கம்பி.

துர்தோனாவின் பிளேட்.

* * *

டாக்டர் கையை எடுத்தார். ஊசியை நீட்டச் சொன்னார். நான் நீட்டினேன். பை மூடப்பட்டது, தசை மூடப்பட்டது, தோல் மூடப்பட்டது. மாடு விழவில்லை. அக்மல் தோளை எடுக்கவே இல்லை. கடைசித் தையல் போட்டு நூலை வெட்டியபோது கஷ்கா தலையைத் திருப்பி அவன் தொப்பியை முகர்ந்தாள். அவன் கத்தியை எடுத்து, உறையில் போட்டு, "கறி வேற வீட்டுல வாங்கிக்கறேன்," என்று யாரையும் பார்க்காமல் முனகினான்.

துர்தோனா பிளேட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. எடுத்துவிட்டாள்.

"புதன்கிழமையே கெடச்சுதா?"

"வாளியில போட ரொட்டியைப் பிச்சேன். உள்ள இருந்துச்சு," என்றாள் ஹோசியத் அக்கா. கீழே உட்கார்ந்துவிட்டாள். "ரொட்டியும் எச்சியுமா ஒட்டிக்கெடந்துச்சு. சுத்தம் பண்ணித் தரலாம்னு கிண்ணத்துல போட்டு, கொதிக்கக் கொதிக்க டீயை ஊத்தினேன்."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் எது சுத்தமாக வேண்டுமென்றாலும் அதுதான். கிண்ணத்தில் கொதிக்கும் டீயை ஊற்றி, சுழற்றிக் கொட்டினால் சுத்தம். பிளேட்டுக்கு அது நரகம். "அக்கா, பச்சைத் தண்ணிலதான் கழுவணும். நான் உங்ககிட்ட சொல்லலையே..."

"கண்ணு முன்னாடியே சுருண்டுடுச்சு லோலா. ஐஸ் தண்ணில போட்டேன். கையால நிமித்திப் பாத்தேன். நிமிரல. மூணாவது கேக்காதன்னு நான்தானே சொன்னேன்? என் கையாலயே கெடுத்துட்டு என்ன மூஞ்சியை வச்சுட்டுச் சொல்றது. இவ ஸ்கூல்ல வச்சேன்னு பொய் சொன்னா. அவளே உண்மையைச் சொல்லட்டும், அப்புறம் நான் சொல்றேன்னு இருந்துட்டேன்."

"சொன்னேனேம்மா!" பிள்ளையின் குரல் உடைந்தது. "இப்ப, எல்லார் முன்னாடியும் சொன்னேனே! அப்பகூட நீங்க சொல்லல. உள்ளதான் இருக்குன்னீங்க. வெட்டுங்கன்னீங்க. பையில வச்சுக்கிட்டு! ஏம்மா?"

டாக்டரும் கை கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "அதைத்தான் நானும் கேக்குறேன், ஹோசியத். பிளேட் இல்லேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே சினை மாட்டை என்னை வெட்ட வச்ச. என்ன தைரியத்துல?"

ஹோசியத் அக்கா எழுந்தாள். தந்தூர் அடுப்புக்குப் பின்னால் போனாள். மாவுப் பெட்டிக்கு அடியில் கை விட்டு எதையோ இழுத்தாள். கொண்டுவந்து டாக்டர் முன்னால் வைத்தாள்.

செக்கிச். ரொட்டி நடுவில் பூக்கோலம் குத்துகிற கட்டை. அடியில் ஆணிகள் வட்டமாக நிற்கும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாக அக்கா சுட்ட ரொட்டியில் பூக்கோலம் இல்லை. முள்கரண்டியால் குத்திய கோடுகள்தான். புழு வேலை அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாளாகக் காலையும் மாலையும் ஒவ்வொரு வாசலாக வந்து, "ரொட்டி நல்லா இருந்துச்சா? பிள்ளைங்க சாப்ட்டாங்களா? யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வியாபாரத்தில் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா பஞ்சின் மேல் கிடந்த ஆணியை எடுத்தாள். கட்டையைத் திருப்பினாள். பதினொரு ஆணிகள். ஓரத்தில் ஓர் ஓட்டை. ஆணியை அதில் வைத்து அழுத்தினாள்.

பொருந்தியது.

"புதன்கிழமை அறுபத்திரண்டு ரொட்டி சுட்டேன்," என்றாள். "மூணு, சாம்பல்ல விழுந்துச்சு. அதை மாட்டுக்கு வச்சேன். மத்ததெல்லாம் ஊருக்குள்ள போயிடுச்சு. சாயங்காலம் கட்டையைக் கழுவுறப்பதான் ஒரு ஆணியைக் காணோம். எந்த ரொட்டில போச்சுன்னு தெரியல. யார் வீட்டுப் பிள்ளை தொண்டையிலன்னு தெரியல. வெளிய சொல்ல வாய் வரல. எங்கிட்ட அப்புறம் யாரு ரொட்டி வாங்குவா? மூணு நாளா ஒவ்வொரு தொழுகையிலயும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்."

"என்னம்மா கேட்டீங்க?" என்றாள் துர்தோனா.

ஹோசியத் அக்கா நடுங்கிக்கொண்டிருந்த கஷ்காவின் கழுத்தில் கையை வைத்தாள்.

"இவ வயித்துலயே இருக்கணும்னு."